குளிர் மாமா

அவருடைய முதுகு எப்போதும் சில்லென்றிருக்கும். தடுப்பூசிப் பெட்டியைத் தோளில் மாட்டி முதுகோடு ஒட்டவைத்து ஏழு மணி நேரம் நடந்தால் அப்படித்தான் இருக்கும். மேலே போய்ப் பெட்டியை இறக்கியதும் பிள்ளைகள் பின்னால் வரிசையாக வந்து நின்று அவர் சட்டையில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார்கள். பிறகு அந்தக் கையைத் தங்கள் கன்னத்தில் வைத்துக்கொள்வார்கள். ஒருவரும் சிரிக்க மாட்டார்கள். செய்தாக வேண்டிய ஒரு வேலையைப் போல அது நடக்கும். குளிர் மாமா என்ற பெயர் அப்படி வந்ததுதான். அவருடைய சொந்தப் பெயர் சுகாதார நிலையத்தின் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருந்தது.

மலையில் மொத்தம் ஏழு குடியிருப்புகள். கோப்புகளில் பழங்குடிக் குடியிருப்பு என்று எழுதிப் பக்கத்தில் எண் போட்டிருப்பார்கள். அவர் பிறந்தது இரண்டில். மகளைக் கொடுத்தது ஏழில். ஏழுதான் கடைசி. அதற்கு மேல் பாதை இல்லை. காலை பத்து மணிக்குக்கூட எதிர்வீடு தெரியாத அளவுக்கு அங்கே மூடுபனி நிற்கும். பேச்சுச் சத்தம் முதலில் வரும், ஆள் பிறகு வருவார். சில சமயம் சத்தம் வந்து ஆள் வராமல் போவதும் உண்டு. யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

பதினாறு வயதில் மலையிலிருந்து இறங்கிக் கீழே டவுனில் குச்சி ஐஸ் வண்டி தள்ளினார். ஒன்பது வருடம். வண்டிக்குச் சொந்தக்காரர் வாய் திறந்து எதையும் சொல்லித்தருகிற ஆளில்லை. ஒரே ஒரு விஷயத்தை மட்டும் செய்து காட்டினார். நொறுக்கிய ஐஸில் ஒரு பிடி கல்லுப்பைப் போட்டுக் கிளறினால் குளிர் இன்னும் ஏறும். வெறும் ஐஸில் மதியமே சொட்டத் தொடங்குகிற குச்சி ஐஸ், உப்பு போட்ட ஐஸில் சாயங்காலம் பள்ளிக்கூடம் விடுகிறவரை கல்லாக நிற்கும்.

பிறகு சுகாதார நிலையத்தில் மலைக்குப் பெட்டி தூக்க ஆள் தேடினார்கள். பாதை தெரிந்திருக்க வேண்டும், ஐஸை உருகவிடாமல் கொண்டுபோகத் தெரிந்திருக்க வேண்டும் என்றார்கள்.

"ரெண்டும் தெரிஞ்ச ஆள் உலகத்துலயே நான் ஒருத்தன்தான் இருந்திருப்பேன்," என்பார். அவர் பெருமைப்பட்டுப் பேசியது இந்த ஒன்றைப் பற்றி மட்டும்தான்.

வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது வருடம் ஏழுக்குப் போகிற வழியில் மண் சரிந்து கிடந்தது. சுற்றிக்கொண்டு மறுநாள் மதியம்தான் போய்ச் சேர்ந்தார்கள். அப்போதிருந்த வயதான நர்ஸ் பெட்டியைத் திறந்து உள்ளே கையை விட்டுப் பார்த்தார்.

"இது வெந்நீர்ப்பா," என்றார்.

தட்டம்மைக் குப்பிகள் அத்தனையையும் ஒதுக்கி வைத்துவிட்டார். இடுப்பில் பிள்ளையோடு காத்திருந்த பெண்கள் வீட்டுக்குப் போனார்கள். நாற்பது நாளில் ஏழில் தட்டம்மை வந்தது. இரண்டு பிள்ளைகள் போயின. அதில் ஒன்றைக் கீழே ஆஸ்பத்திரிக்கு அவர்தான் தூக்கி வந்தார், அதே தோளில். பாதி வழியில் கனம் மாறியது. பெட்டியின் கனமும் அந்தப் பிள்ளையின் கனமும் ஒன்றாகவே இருந்தன என்று பின்னால் ஒரே ஒரு முறை மனைவியிடம் சொன்னார்.

அதற்குப் பிறகுதான் உப்பு.

பெட்டிக்குள் நான்கு பக்கமும் ஐஸ் பட்டைகளை நிறுத்தி நடுவில் குப்பிகளை வைப்பது வழக்கம். தண்ணீர் ஊற்றி உறையவைத்த பிளாஸ்டிக் பட்டைகள். ஃப்ரீசரிலிருந்து எடுத்து, மேலே வியர்க்கிறவரை வெளியில் வைத்து, அதன் பிறகுதான் பெட்டிக்குள் வைக்க வேண்டும். கீழ் ஆறு குடியிருப்புகளுக்கும் அப்படித்தான் செய்வார். ஏழுக்கு மட்டும் வியர்க்க விடமாட்டார். அதோடு இன்னொன்றும் செய்வார். ஐஸை நொறுக்கி, ஒரு பிடி கல்லுப்பு போட்டுக் கிளறி, இரண்டு பிளாஸ்டிக் பைகளில் கட்டிக் குப்பிகளுக்கு அடியில் ஒன்றும் மேலே ஒன்றும் வைப்பார். கடைசி ஓடை வந்ததும் அந்தப் பைகளை அவிழ்த்துக் கூழாகிப்போன உப்புத் தண்ணீரைக் கொட்டிவிடுவார். பிறகு பட்டைகள் மட்டும்தான். அந்த வயதான நர்ஸுக்குப் பிறகு வந்த சிஸ்டர் முழங்கால் வலியோடு ஒரு மணி நேரம் பின்னால் வந்துகொண்டிருப்பார். அவரிடமிருந்து மறைக்க வேண்டும் என்று ஒன்றுமில்லை. சமையல்காரர் கைப்பக்குவத்தைச் சொல்லிக்கொண்டா திரிகிறார்.

சாயங்காலம் போய்ச் சேர்ந்தால் ஊசி போடுவது மறுநாள் காலையில்தான். அதற்குள் எல்லாம் சாதாரணமாக இருக்கும். சிஸ்டர் பெட்டியைத் திறந்து கையை விட்டுப் பார்த்துத் தலையை ஆட்டுவார்.

"மாமா, உங்க பெட்டியில பிணத்தை வெச்சாலும் பத்து நாள் தாங்கும்," என்பார்.

இவர் சிரிப்பார்.

ஒவ்வொரு குப்பியிலும் ஒரு சின்ன வட்டம், அதற்குள் ஒரு சதுரம். சூடு பட்டிருந்தால் சதுரம் கறுக்கும். ஏழில் அவர் காட்டிய குப்பிகளில் சதுரம் எப்போதும் வெள்ளையாகவே இருந்தது. குளிர் அதிகம் பட்டால் காட்டுவதற்குக் குப்பியில் எந்த அடையாளமும் இல்லை.

மஞ்சள் காமாலை பி-க்குப் புதிய ஊசி வந்தபோது சிஸ்டர்களுக்கெல்லாம் டவுனில் அரைநாள் பயிற்சி வைத்தார்கள். இந்த ஊசி உறையக்கூடாது என்று அங்கே சொன்னார்கள். பெட்டி தூக்குகிறவர்கள் ஹாலுக்கு வெளியே, வேப்பமரத்து நிழலில் பெட்டிகளுக்குக் காவல் உட்கார்ந்திருந்தார்கள். ஜன்னல் வழியாக அவ்வப்போது கைதட்டுகிற சத்தம் வந்தது.

*

புதிதாக வந்திருந்த டாக்டர் இளவயதுப் பெண். வந்த பத்தாவது மாதம் மலைக் குடியிருப்புகளில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு மஞ்சள் காமாலை பி இருக்கிறதா என்று ரத்தம் சோதிக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. ஒன்றிலிருந்து ஆறு வரை எல்லாப் பிள்ளைகளையும் சோதித்ததில் ஒரே ஒரு பிள்ளைக்குத்தான் இருந்தது.

"உங்க கை சுத்தமான கை," என்று டாக்டர் சிஸ்டரிடம் சொன்னார்.

"நான் குத்தறவ. கொண்டு வர்றவர் அங்க நிக்கறார்," என்றார் சிஸ்டர்.

ஏழில் ஒற்றை அறைப் பள்ளியின் பெஞ்சுமேல் சோதனைப் பட்டைகளை வரிசையாக வைத்தார்கள். தீக்குச்சி அளவு வெள்ளைப் பட்டைகள். ஒவ்வொன்றுக்கும் கீழே பெஞ்சில் சாக்பீஸால் எண். விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் வைத்துப் பதினைந்து நிமிடம் காத்திருக்க வேண்டும். ஒரு கோடு வந்தால் ஒன்றுமில்லை. இரண்டு வந்தால் இருக்கிறது.

இருபத்திரண்டு பட்டைகளிலும் முதல் கோடு உடனே வந்தது. பிறகு கொஞ்ச நேரம் எதுவும் நடக்கவில்லை. வெளியே பனி இறங்கி ஜன்னலில் ஒட்டிக்கொண்டிருந்தது. குளிர் மாமா பெஞ்சின் ஓரத்தில் நின்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். நான்காம் எண்ணில் ஏதோ நிழல் போலத் தெரிந்தது. கண் கோளாறு என்று நினைத்தார். இமைத்துவிட்டுப் பார்த்தார். பனியில் யாரோ தொலைவிலிருந்து நடந்து வந்தால் முதலில் ஆளா மரமா என்று தெரியாமல் இருந்து பிறகு ஆளாகுமே, அப்படி இரண்டாவது கோடு வந்து நின்றது. அடுத்து ஏழாம் எண்ணில். அடுத்து பதினொன்றில்.

பதினொன்று அவருடைய பேரன். நான்கு வயது. மற்ற பிள்ளைகள் மாமா என்பதால் அவனும் தாத்தாவை மாமா என்றே கூப்பிட்டான். திருத்திப் பார்த்தும் பலனில்லை.

மொத்தம் ஒன்பது பேர். டாக்டர் இரண்டு முறை எண்ணினார். தடுப்பூசி அட்டைகளை வாங்கிப் பார்த்தார். ஒன்பது அட்டைகளிலும் பிறந்த நாள் ஊசியிலிருந்து எல்லாம் தேதி தவறாமல் போடப்பட்டிருந்தன.

கர்ப்பமாக இருந்த இரண்டு பெண்களுக்கும் பார்த்தார்கள். குளிர் மாமாவின் மகளுக்கு ஒன்பதாம் மாதம். அவளுடைய பட்டையிலும் இரண்டு கோடு.

"என்னம்மா அது, ரெண்டு கோடு?" என்று மகள் கேட்டாள்.

"மஞ்சள் காமாலையில ஒரு வகை. கல்லீரல்ல தங்கற கிருமி."

"இவன் கண்ணு வெள்ளையாத்தானே இருக்கு. நல்லா சாப்பிடறான், நல்லா ஓடறான்."

"மஞ்சளே வராது. சின்ன வயசுல வந்தா வெளிய ஒண்ணுமே தெரியாது. முப்பது வருஷம்கூடத் தெரியாம இருக்கும்."

"அப்புறம்?"

"அதுக்குத்தான் வருஷா வருஷம் பார்த்துக்கிட்டே இருக்கணும். தேவைப்பட்டா மருந்து இருக்கு. பயப்படாதீங்க. சேர்ந்து சாப்பிடலாம், தூக்கலாம், கொஞ்சலாம். ரத்தம் மட்டும் ஒருத்தரோடது இன்னொருத்தருக்குப் படக்கூடாது. உங்களுக்குப் பிறக்கப்போற குழந்தைக்கு ஒரு நாளுக்குள்ள ஊசி போட்டாகணும். அதுதான் முக்கியம். அடுத்த வாரமே கீழ வந்துடுங்க."

மகள் தகப்பனைப் பார்த்தாள். "இவன் பிறந்தப்பவும் அப்பா ஒரு நாளுக்குள்ள கொண்டு வந்தாரே," என்றாள்.

அப்போது வெளியே பிள்ளைகளின் குரல் கேட்டது. பாடம் ஒப்பிக்கிறது போல ஒரே தாளத்தில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார்கள். டாக்டர் கதவருகே போனார். பனிக்குள் ஒரு பாறைமேல் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். வரிசையின் முன்னால் பேரன், தோளில் கயிறு கட்டிய ஒரு மரக்கட்டையைச் சுமந்து நின்றான். பக்கத்தில் ஒரு சிறுமி. அவள் கையில் நீளமான முள் ஒன்று. ஒவ்வொருவராக வந்து தொடையைக் காட்ட, அவள் குத்தினாள். யாரும் அழவில்லை. சின்னதாக ஒரு சொட்டு ரத்தம் வந்ததும் மற்றவர்கள் சேர்ந்து "பட்டாச்சு" என்றார்கள். அடுத்த பிள்ளை வந்தது. அதே முள்.

"என்ன விளையாட்டு இது?"

"அதுவா? குளிர் மாமா விளையாட்டு," என்றார் அவர். "நாங்கதான். அந்தக் கட்டைதான் பெட்டி. முன்னாடியெல்லாம் கையில குத்துவாங்க. தொடையிலதான் குத்தணும்னு நான்தான் திருத்தினேன்."

சொல்லி முடிப்பதற்குள் டாக்டரின் முகத்தைப் பார்த்துவிட்டார்.

டாக்டர் இறங்கிப் போய்ச் சிறுமியிடம் கையை நீட்டினார். அவள் முள்ளைக் கொடுத்தாள். டாக்டர் அதைப் பஞ்சில் சுற்றி பயன்படுத்திய ஊசிகளைப் போடுகிற அட்டைப் பெட்டிக்குள் போட்டார். தாய்மார்களைக் கூப்பிட்டு, காய்ந்த ரத்தத்தில்கூட அந்தக் கிருமி ஏழு நாள் உயிரோடு இருக்கும் என்று சொன்னார். பெண்கள் பாறையைப் பார்த்தார்கள். பாறை ஈரமாக, சாதாரணமாக இருந்தது.

"எப்படிப் பரவுச்சுன்னு தெரிஞ்சுபோச்சு," என்று டாக்டர் இறங்குகிற வழியில் சிஸ்டரிடம் சொன்னார். "ஆனா ஊசி ஏன் தடுக்கலை? மத்த ஆறுலயும் தடுத்திருக்கு. ஏழுல ஏன் தடுக்கலை?"

முன்னால் நடந்துகொண்டிருந்த குளிர் மாமாவுக்கு அது கேட்டது. பனியில் பின்னால் பேசுவது பக்கத்தில் பேசுவது போலக் கேட்கும்.

*

மறுநாள் மதியம் டாக்டர் அவரைக் குளிர்சாதன அறைக்குக் கூப்பிட்டார். சிஸ்டரும் இருந்தார்.

"பெட்டி எப்பவும் எப்படி வெப்பீங்களோ அப்படியே வெச்சுக் காட்டுங்க."

"ஏழுக்கா, மத்ததுக்கா?"

டாக்டர் நிமிர்ந்தார். "வேற வேறயா?"

"ஏழுக்கு ஸ்பெஷல்."

ஃப்ரீசரைத் திறந்தார். ஐஸை எடுத்துத் துணியில் சுற்றிச் சுவரோரம் வைத்துக் கட்டையால் நொறுக்கினார். அலமாரியின் கீழ்த்தட்டிலிருந்து உப்பு டப்பாவை எடுத்தார். அது அங்கே இருப்பதை சிஸ்டர் வருடக்கணக்காகப் பார்த்திருக்கிறார். யாருடைய சாப்பாட்டுக்கோ என்று நினைத்திருந்தார். ஒரு பிடி எடுத்துத் தூவி, விரல் மரத்துப்போகாமல் இருக்க ஒரு குச்சியால் கிளறி, பையில் கட்டி, காற்று இல்லாமல் அமுக்கி வைத்தார். கை தானாக வேலை செய்தது. யாராவது நின்று பார்க்கும்போது வருகிற ஒரு நறுவிசு அதில் இருந்தது. மூடியை அழுத்திப் பூட்டிவிட்டு, "இப்ப இதை எரிமலைக்கே கொண்டு போகலாம்," என்றார்.

டாக்டர் பெட்டியைத் தொடவில்லை. சிஸ்டர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"எத்தனை வருஷமா இப்படி?"

"ஏழுல தட்டம்மையில ரெண்டு பிள்ளைங்க செத்ததுலேர்ந்து."

டாக்டர் மஞ்சள் காமாலை ஊசிக் குப்பிகள் மூன்றை எடுத்து மேசைமேல் வைத்தார். முதலாவது எப்போதும் ஃப்ரிட்ஜிலேயே இருந்தது. இரண்டாவது, முந்தின இரவு வேண்டுமென்றே ஃப்ரீசரில் வைத்து உறையவைத்து, காலையில் எடுத்து உருகவிட்டது. மூன்றாவது, போன மாதம் ஏழுக்குப் போய்ப் பயன்படாமல் திரும்பி வந்தது. மூன்றும் பார்ப்பதற்கு ஒன்றாகவே இருந்தன. அடியில் கொஞ்சம் வெள்ளை, மேலே தெளிந்த நீர்.

மூன்றையும் ஒரே கையில் பிடித்துக் குலுக்கினார். மூன்றும் பாலாகின. ஜன்னல் விளிம்பில் வரிசையாக வைத்தார்.

"பார்த்துக்கிட்டே இருங்க."

முதல் குப்பி பாலாகவே நின்றது. இரண்டாவதில் வெள்ளை திரண்டு துகளாகி, அடுப்புச் சாம்பல் இறங்குவது போல மெல்ல இறங்கியது. மேலே நீர் தெளிந்துகொண்டு வந்தது. குளிர் மாமா மூன்றாவதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் அது முதல் குப்பியைப் போலவே இருந்தது. பிறகு அதற்குள்ளும் சாம்பல் இறங்கத் தொடங்கியது.

ஃப்ரிட்ஜ் ஒருமுறை உறுமி அடங்கியது.

"இது செத்ததா?" என்று கேட்டார்.

"ஆமா."

"குலுக்காம இருந்தா தெரியாதா?"

"தெரியாது."

"பிள்ளைங்க மாதிரியே," என்றார். சொன்ன பிறகு தான்தான் சொன்னோமா என்று பார்ப்பவர்போலத் திரும்பினார்.

சிஸ்டர் அழுதுகொண்டிருந்தார். "உறையக்கூடாதுன்னு எனக்குத் தெரியும் மாமா. ஹால்ல சொன்னாங்க. நீங்க வெளிய உட்கார்ந்திருந்தீங்க. ஐஸ் வியர்க்கணும்னு மட்டும் சொன்னேன். ஏன்னு சொல்லலை."

"பின்னாடி தானே வந்துக்கிட்டிருந்தீங்க. உங்களுக்கு எப்படித் தெரியும்."

பெட்டியைத் திறந்து உப்பு ஐஸ் பைகளை எடுத்துத் தொட்டியில் கொட்டினார். குழாயைத் திறந்துவிட்டு அது கரைகிறவரை நின்றார். பிறகு திரும்பாமலே சொன்னார்.

"பேரன் பிறந்தப்ப ரெண்டு பிடி போட்டேன்."

ஏழில் மீதி இருந்த பதின்மூன்று பிள்ளைகளுக்கும் மறுபடி ஊசி போட நாள் குறித்தார்கள். டாக்டர் மேலதிகாரிகளுக்கு அனுப்பிய தாளில் 'கொண்டு செல்லும்போது உறைந்தது' என்று மட்டும் எழுதியிருந்தார். தாய்மார்களிடம் யார் சொல்வது என்று பேச்சு வந்தது. நானே சொல்கிறேன் என்றார் குளிர் மாமா. எப்போது என்று யாரும் கேட்கவில்லை. வீட்டில் மனைவி, பெட்டியைப் போர்த்துகிற கம்பளியை அவர் மடித்து மூலையில் வைப்பதைப் பார்த்துவிட்டு, "இன்னைக்குத்தான் அந்தச் சக்களத்தியை விட்டுப் பிரிஞ்சிருக்கீங்க," என்றாள். அவர் சிரிக்காததால் அவளும் நிறுத்திக்கொண்டாள்.

*

மகளை இறக்கிக் கொண்டுவர இன்னும் மூன்று நாள் இருந்தது. அதற்குள் ஒரு காலை ஆறரை மணிக்கு மருமகனின் போன் வந்தது. சிக்னல் கிடைக்கிற மேட்டுக்கு ஓடிவந்து பேசியிருக்கிறான், மூச்சு வாங்கியது.

"பொண்ணு மாமா. அஞ்சு மணிக்குப் பிறந்துச்சு. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க."

நாளை காலை ஐந்து மணி வரை நேரம் இருந்தது. அதற்குள் எவ்வளவு சீக்கிரம் போட முடியுமோ அவ்வளவு நல்லது.

அவர் போனபோது சிஸ்டர் தயாராக இருந்தார். பெட்டி மேசைமேல் திறந்து இருந்தது. டாக்டர் ஐஸ் பட்டைகளை எடுத்து வெளியில் வைத்திருந்தார். அவை வெள்ளை வெளேரென்று விறைத்துக் கிடந்தன. குளிர் மாமா ஒன்றைக் கையில் எடுத்தார். காதோரம் வைத்து ஆட்டிப் பார்த்தார். பெட்டியில் வைக்கிற பதத்துக்கு வந்தால் கேட்கிற தண்ணீர்ச் சத்தம் உள்ளே இல்லை. கீழே வைத்தார். மறுபடி எடுத்து ஆட்டினார். உள்ளே சத்தம் வருகிறதா தன் காதுக்குள் வருகிறதா என்று தெரியவில்லை. பட்டையை அப்படியே மேசையில் வைத்துவிட்டுக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"டாக்டரம்மா, ஐஸே இல்லாம கொண்டு போனா என்ன ஆகும்?"

டாக்டர் யோசித்தார். ஒரு புத்தகத்தை எடுத்துப் புரட்டினார்.

"இந்த மருந்துக்கு ஒரு நாள் சூடு ஒண்ணும் பண்ணாது. விதிப்படி பெட்டியிலதான் போகணும். ஆனா ஆபத்து சூட்டுல இல்லை." குப்பியை எடுத்துச் சதுரத்தைப் பார்த்தார். பஞ்சில் சுற்றிச் சின்ன டப்பாவில் போட்டு அவரிடம் கொடுத்தார். "சட்டைப்பையில வெச்சுக்குங்க. நான் எழுதிக்கறேன்."

இருபத்தேழு வருடத்தில் முதல்முறையாகப் பெட்டி இல்லாமல் மலை ஏறினார். இடது பையில் டப்பா. ஒவ்வொரு காலடிக்கும் அது நெஞ்சில் லேசாகத் தட்டியது. தோளில் ஒன்றும் இல்லாததால் உடம்பு ஒரு பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து போயிற்று. முதுகு மட்டும் சில்லென்றிருந்தது. இரண்டு முறை நின்று கையைப் பின்னால் விட்டுத் தடவினார். சட்டை வியர்வையில் வெதுவெதுப்பாக இருந்தது. கையை எடுத்ததும் மறுபடி சில்லென்றது.

நான்காம் குடியிருப்பைத் தாண்டியதும் பனி வந்தது. பின்னால் காலடிச் சத்தம். சிஸ்டர்தான் என்று நினைத்தார். ஆனால் சிஸ்டருடைய நடை ஒரு காலை இழுக்கிற நடை. கேட்ட சத்தம் நிறைய சின்னக் கால்களின் சத்தமாக இருந்தது.

"சிஸ்டர்," என்றார்.

"வர்றேன் வர்றேன். நான் என்ன பறந்தா வர முடியும்?" குரல் வெகு கீழேயிருந்து வந்தது.

அவர் நின்றார். காலடிகளும் நின்றன. அவர் நடந்தார். கடைசி ஓடையில் பழக்கத்தில் குனிந்து தோளிலிருந்து பெட்டியை இறக்கப் போனார். அங்கே ஓடைக்கரையில் உப்புத் தண்ணீர் கொட்டிய இடத்தில் ஓர் ஆள் படுக்கிற அளவுக்குப் புல் இல்லாமல் வெள்ளையாகக் கிடந்தது. பல வருடமாக அது அப்படித்தான் இருந்தது. அவர் தாண்டாமல் சுற்றிக்கொண்டு போனார்.

வீட்டுக்குள் நுழைந்தபோது மணி மூன்று. மகள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மடியில் குழந்தை தூங்கியது.

"அப்பா, பெட்டி எங்க?"

அவர் சட்டைப்பையிலிருந்து டப்பாவை எடுத்தார். சிஸ்டர் வந்து சேரும்வரை அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். சிஸ்டர் வந்து, கை கழுவி, சிரிஞ்சைப் பிரிக்கப் போனபோது தடுத்தார்.

"குலுக்கிப் பாருங்க. ஜன்னல்ல வெச்சுப் பாருங்க."

"மாமா, இதுல ஐஸே படலையே."

"பரவாயில்லை."

சிஸ்டர் குலுக்கி ஜன்னல் விளிம்பில் வைத்தார். குப்பி பாலானது. மூவரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எதுக்குப்பா இது?" என்று மகள் கேட்டாள்.

அவர் குப்பியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார். உப்பிலிருந்து தொடங்கினார். ஓடைக்கரையைச் சொன்னார். மூன்று குப்பிகளைச் சொன்னார். நடுவில் ஒரு முறைகூடக் குரல் மாறவில்லை. பெட்டியில் என்னென்ன இருந்தது என்று திரும்பி வந்து சிஸ்டரிடம் ஒப்பிக்கிற அதே குரல்.

"உறைஞ்சா அது வெறும் தண்ணி. நான் ஏழுக்குக் கொண்டு வந்ததெல்லாம் தண்ணி," என்று முடித்தார்.

மகள் குழந்தையின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பிரித்து மூடிக்கொண்டிருந்தாள்.

"அவன் பிறந்தப்ப இந்த மாதிரி குலுக்கிப் பார்த்தீங்களா?"

"இல்லை."

"ஓடியே வந்தீங்க. சட்டையெல்லாம் நனைஞ்சிருந்துச்சு. நான் இன்னும் எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டு இருக்கேன்."

பதினைந்து நிமிடம் ஆயிற்று. குப்பி அப்படியே பாலாக நின்றது. இன்னும் ஐந்து நிமிடம் பார்க்கலாம் என்றார். சிஸ்டர் மறுக்கவில்லை. ஐந்து நிமிடத்துக்குப் பிறகும் ஒரு துகள்கூட இறங்கவில்லை. சிஸ்டர் மருந்தை ஏற்றிக் குழந்தையின் தொடையில் போட்டார். குழந்தை வீறிட்டு அழுதது.

அழுகையைக் கேட்டுப் பேரன் உள்ளே வந்தான். தோளில் மரக்கட்டை. நேராக அம்மாவிடம் போய்க் கையை விரித்தான். உள்ளங்கையில் ஒரு முள். புதிதல்ல, முனை கறுத்திருந்தது.

"இது எங்கேர்ந்துடா?" என்றாள் அவள்.

"பாறைச் சந்துல ஒண்ணு எடுத்து வெச்சிருந்தோம்," என்றான். "பாப்பாவுக்கு நானும் போடணும்."

குளிர் மாமா அவன் முன்னால் உட்கார்ந்து முள்ளை எடுத்துக்கொண்டார். எடுத்த பிறகு அதை எங்கே போடுவதென்று தெரியவில்லை. வெளியே எறிய முடியாது. அடுப்பு அணைந்திருந்தது. சிஸ்டர் ஊசிப் பெட்டியின் மூடியைத் திறந்து நீட்டினார். உள்ளே விழுந்தபோது கேட்கிற மாதிரி ஒரு சத்தமும் வரவில்லை.

"குழந்தைக்கு ஊசி பிடிச்சிருக்கான்னு எப்ப தெரியும்?" என்று மகள் கேட்டாள். சிஸ்டரைப் பார்த்துத்தான் கேட்டாள்.

"மீதி ஊசியெல்லாம் போட்டு ஒரு வயசு நெருங்கும்போது ரத்தம் பார்ப்பாங்க."

"அதுவரைக்கும் ஒண்ணும் தெரியாது."

"தெரியாது."

மகள் குழந்தையை சிஸ்டர் கையில் கொடுத்துவிட்டுப் படுத்தாள். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து, "அப்பா, மத்தவங்ககிட்ட நீங்களே சொல்லிடுங்க. நான் சொல்ல மாட்டேன்," என்றாள்.

"அதுக்குத்தான் போறேன்."

வெளியே வந்து படியில் உட்கார்ந்தார். தாய்மார்கள் காட்டிலிருந்து திரும்ப இன்னும் கொஞ்ச நேரம் ஆகும். எதிர்வீடு பனியில் தெரியவில்லை. பக்கவாட்டிலிருந்து பிள்ளைகள் வருகிற சத்தம் கேட்டது. இந்தமுறை சத்தத்துக்குப் பின்னால் ஆட்களும் வந்தார்கள். வழக்கம்போல அவருக்குப் பின்னால் வரிசையாக நின்றார்கள். முதல் உள்ளங்கை முதுகில் பட்டது. எடுக்கப்பட்டது. அடுத்தது. அவர் திரும்பவில்லை.

"சுடுது," என்று ஒரு குரல் இன்னொருவரிடம் சொன்னது.

"மாமா, பெட்டி இல்லையா?"

"இல்லை."

"இனிமே வராதா?"

அவர் யோசித்தார். "வேற மாதிரி வரும்," என்றார்.

கைகள் வந்து பட்டுப் போய்க்கொண்டிருந்தன. யாருடையது எது என்று அவருக்குத் தெரியவில்லை. இரண்டு கோடு வந்த கைக்கும் வராத கைக்கும் தொடுவதில் வித்தியாசம் இல்லை. வரிசை முடிந்து காலடிகள் பனிக்குள் போயின. ஒரு கை மட்டும் எடுக்கப்படாமல் முதுகிலேயே இருந்தது. சின்னக் கை. சூடாக இருந்தது. அது எடுக்கப்படும்வரை அசையாமல் உட்கார்ந்திருந்தார்.